காற்றுச் சாவடியின் பதில்

எங்கள் நிறுவனத்தில் பட்டியலில் ஒரு வரியைச் சேர்க்க ஒரு கையெழுத்து போதும். ஒரு வரியை நீக்க ஏழு கையெழுத்து வேண்டும். ராக்கெட் ஏவும் நாளில் உரக்க வாசிக்கப்படும் பட்டியலைச் சொல்கிறேன். இந்த ஒரே காரணத்தால்தான் கடைசி ஆறு வருடம் நான் அதில் இருந்தேன் என்பது எனக்குத் தெரியாது. என்னைக் கேட்டிருந்தால், நான் வாய் திறக்காமல் அவர்களால் ஒரு வாணத்தைக்கூட மேலே அனுப்ப முடியாது என்று சொல்லியிருப்பேன். வெளிநாட்டில் இருக்கும் என் மகளிடம் வாராவாரம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆரம்பத்தில் நாங்கள் பதினொரு பேர். எனக்குப் பத்தொன்பது வயது. மூடிப்போன ஓர் உப்புக் கிடங்கை அரசாங்கம் எங்கள் தலையில் கட்டியிருந்தது. சுவரில் கை வைத்தால் உப்பு ஒட்டும், காகிதமெல்லாம் நமத்துப்போகும். 'தேசிய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம்' என்று வாசலில் பலகை மாட்டிய அன்று, தெருவில் போன ஒருவர் நின்று, எழுத்துக்கூட்டிப் படித்து முடித்து, "உள்ள ஃபேன் இருக்கா?" என்று கேட்டார். இல்லை. அடுத்த மூன்று வருடமும் இல்லை.

முதல் இயக்குநர் ராணுவத்தை விட்டு வந்தவர். ராக்கெட் என்றாலே குண்டு என்று எல்லோரும் நினைத்த காலம். இது சிவிலியன் நிறுவனம், இங்கே யாரும் யாருக்கும் சல்யூட் அடிக்க வேண்டாம் என்பதை அவர் ஒரே ஒரு விதியாக எழுதிச் சுவரில் ஒட்டினார். ஏவுவதற்கு மூன்று நிமிடம் முன்பு ஒவ்வொரு இடத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அங்கே இருப்பவர் 'தயார்' என்றோ 'தயார் இல்லை' என்றோ சொல்ல வேண்டும். யாராவது ஒருவர், அவர் யாராக இருந்தாலும், 'தயார் இல்லை' என்றால் எண்ணிக்கை நிற்க வேண்டும். ஏன் என்று பிறகுதான் கேட்கலாம்.

"அங்க மேல இருக்கறவன் சுடுன்னா கீழ இருக்கறவன் சுடணும். இங்க கீழ இருக்கறவன் நில்லுன்னா மேல இருக்கறவன் நிக்கணும். அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார்.

விளையாட்டில்லை. இரண்டாவது வருடம் ஓர் அமைச்சர் வந்து குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். கடற்கரைக் கதவுக் காவலாளி 'தயார் இல்லை' என்றார். வேலிக்குள் ஒரு மாடு புகுந்துவிட்டதாம். அமைச்சர் நாற்பது நிமிடம் வியர்த்துக் கொட்டிக்கொண்டு காத்திருந்தார். மாடு அவசரப்படவில்லை. இயக்குநர் அன்று மாலை அந்தக் காவலாளிக்கு எல்லார் முன்னாலும் கை கொடுத்தார். எனக்கு அந்த நிறுவனத்தின் மேல் பிரியம் வந்தது அன்றைக்குத்தான்.

என் இடத்தின் பெயர் காற்றுச் சாவடி. ஏவுதளத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, மணல்மேட்டின் மேல் ஒற்றை அறை. ஒரு மேசை, ஒரு பெஞ்சு, வாயு உருளைகள், முக்காலியில் நிற்கும் தியோடலைட் என்கிற கோணம் அளக்கும் தொலைநோக்கி, சுவரில் ஒலிபெருக்கியும் அதனடியில் பேசும் குழாயும். பலூனில் வாயு நிரப்பி விட்டுவிட்டு, தியோடலைட்டில் கண்ணை வைத்து அதைத் துரத்துவதுதான் வேலை. பத்து நொடிக்கு ஒரு முறை கோணத்தைக் குறித்துக் கணக்குப் போட்டால் எந்த உயரத்தில் காற்று எந்தப் பக்கம், என்ன வேகம் என்று வந்துவிடும். சின்ன ராக்கெட்டுக்கு மூளை கிடையாது. கிளம்பிய முதல் சில நொடிகளில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கமே மூக்கைத் திருப்பிக்கொள்ளும். அதனால் தரையை ஒட்டிய காற்றுதான் அதற்கு எமன். நாற்பது வருடத்தில் ஒன்பது முறை 'தயார் இல்லை' என்று சொல்லியிருக்கிறேன். ஒன்பது முறையும் நிறுத்தினார்கள்.

நிறுவனம் வளர்ந்தது. உப்புக் கிடங்கு போய்க் கண்ணாடிக் கட்டடங்கள் வந்தன. பதினொரு பேர் நாலாயிரம் பேர் ஆனார்கள். கேன்டீனில் எனக்குத் தெரிந்த முகம் ஒவ்வொன்றாகக் குறைந்தது; பிறகு நான் டிபன் டப்பாவோடு சாவடியிலேயே சாப்பிட ஆரம்பித்தேன். பெரிய ராக்கெட்டுகள் வந்தன. அவற்றுக்கு மூளை உண்டு, தானே திருத்திக்கொள்ளும். ஏழு வருடம் முன்பு காற்றைப் பார்க்கும் ரேடாரும் வந்தது. அதன் பிறகு என் கணக்குத் தாளை யாரும் கேட்கவில்லை. மாதம் ஒருமுறை ஜீப் டிரைவரிடம் கட்டாகக் கொடுத்தனுப்புவேன். அது எந்த அலமாரிக்குப் போனதோ.

ஆனாலும் பட்டியலில் என் இடம் இருந்தது. பதினாறாவதாகக் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவரும் பழைய பதினொரு பேரில் ஒருவர். ஸ்டோரில் குமாஸ்தாவாக வந்தவர், குரல் நன்றாக இருந்ததால் மைக்கின் முன் உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவர் பதிலுக்குப் பிறகும் 'சரி' என்பார். கேன்டீனில் டீ வாங்கினாலும் 'சரி' என்பார். அதனால் அவருக்கு ஊரெல்லாம் பெயர் சரி சார்.

புது ஒழுங்குமுறைகள் வந்த பிறகு கம்பியில் அரட்டை கிடையாது. ஏவும் நாளில் பட்டியல், அவ்வளவுதான். "காற்றுச் சாவடி" என்பார். "தயார்" என்பேன். "சரி." சில ஏவுதல் நாட்களில் நாள் முழுக்க நான் பேசிய ஒரே மனிதப் பேச்சு இதுதான். கணவர் போய்ப் பன்னிரண்டு வருடம். மற்றவர்களுக்கெல்லாம் பட்டென்று 'சரி' சொல்கிறவர் எனக்கு மட்டும் இரண்டு நொடி விட்டு நிதானமாகச் சொல்வதைக் கவனித்திருக்கிறேன். பழகின மனிதர், கொஞ்சம் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த இரண்டு நொடி எனக்குப் பிடித்திருந்தது.

இந்த வருடம் நிறுவனத்துக்கு நாற்பது வயது. கொண்டாட்டத்துக்கு, எங்கள் முதல் ராக்கெட்டைப் போலவே அச்சு அசலாக ஒன்று செய்து ஏவுவதென்று முடிவு செய்தார்கள். மூளை இல்லாத சின்ன ராக்கெட். பட்டியல் வாசிப்பு முதல் தடவையாகத் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் நேரலையாகப் போகும் என்றார்கள்.

மகளிடம் சொன்னேன். "உன் குரல் வருமாம்மா?" என்றாள்.

"பதினாறாவது. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும், கவனமா கேளு."

"மலையும் இல்லாம மரமும் இல்லாம தனியா அந்த மேட்டுல உக்காந்து என்னதான் பண்றியோன்னு நெனைப்பேன். இன்னைக்குத் தெரிஞ்சுக்கறேன்" என்றாள். அவள் லீவு போட்டுவிட்டுக் கேட்கப் போகிறாள் என்று தெரிந்ததும் நான் நல்ல புடவையை எடுத்துக் கட்டினேன். சாவடியில் என்னைப் பார்க்க ஆளே இல்லை. கேட்கப்போகிற குரலுக்குப் புடவை கட்டியவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அன்று காலை டிரைவர் என்னை இறக்கிவிட்டு, விதிப்படி என் மொபைலை வாங்கிக்கொண்டு போனார். முதல் பலூன் ஒழுங்காகப் போனது. இரண்டாவதும் அப்படியே. ஏவுவதற்கு ஒன்பது நிமிடம் இருக்கும்போது விட்ட மூன்றாவது பலூன் முப்பது மீட்டர் வரை நேராக ஏறி, பிறகு யாரோ கையைப் பிடித்து இழுத்த மாதிரி பக்கவாட்டில் ஓடியது. இருநூறு மீட்டர் தாண்டியதும் மறுபடி சாதுவாகிவிட்டது. கடல்காற்று அன்றைக்கு முன்கூட்டியே, நடுவில் மட்டும் புகுந்திருந்தது. ஏவுதளத்துக் கம்பத்தில் இருக்கும் காற்றுமானி முப்பது மீட்டர் வரைதான் பார்க்கும். ரேடார் இருநூறுக்கு மேலேதான் பார்க்கும். நடுவில் இருப்பதை அந்த வட்டாரத்தில் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

கணக்கை இரண்டு முறை போட்டேன். பட்டியல் ஆரம்பித்தது.

"காற்றுச் சாவடி."

"தயார் இல்லை" என்றேன்.

இரண்டு நொடி.

"சரி" என்றார் சரி சார். "தொலைத்தொடர்பு?"

"தயார்."

"சரி."

நான் தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று ஒரு கணம் தோன்றியது. குழாயைப் பிடித்துக் கத்தினேன். "தயார் இல்லை! காற்றுச் சாவடி! தயார் இல்லை!" ஏழு முறை. ஒலிபெருக்கியில் பட்டியல் முடிந்து, எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. ஒருத்தர்கூட 'யார் கத்துகிறது' என்று கேட்கவில்லை. அப்போது எனக்கு ராக்கெட்கூட ஞாபகம் இல்லை. நான் இங்கே இருக்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான் தெரிந்தது.

பிறகு சிவப்பு பலூன் ஞாபகம் வந்தது. கம்பி இல்லாத முதல் வருடத்தில் 'நிறுத்து' என்பதற்கு அதுதான் அடையாளம். ஒவ்வொரு ஏவுதலுக்கும் ஒன்றை நிரப்பி மூலையில் கட்டி வைப்பேன், பழக்கதோஷம். ஓடிப்போய் அவிழ்த்து விட்டேன். உப்புக் கிடங்கில் இந்த மேட்டைப் பார்த்து ஒரு ஜன்னல் இருந்தது. புதுக் கட்டுப்பாட்டு அறைக்கு ஜன்னலே கிடையாது. அது எனக்கும் தெரியும். ஆனாலும் விட்டேன்.

ராக்கெட் கிளம்பியது. நூறு மீட்டரில் தலையைக் கடல்காற்றின் பக்கம் சாய்த்தது. விழ வேண்டிய இடத்தில் விழாமல், தடை செய்த எல்லையைத் தாண்டி விழுந்தது. மூன்று பேர் இருந்த ஒரு மீன்பிடிப் படகுக்கு அரை கிலோமீட்டர் பக்கத்தில். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

டிரைவர் வந்து மொபைலைக் கொடுத்ததுமே அது அடித்தது. மகள்.

"அம்மா, எங்கம்மா போனே?"

"ஏன்?"

"காத்துச் சாவடின்னு கூப்பிட்டாங்க. சத்தமே இல்ல. ரெண்டு செகண்ட் வெறும் அமைதி. அப்புறம் அவரு சரின்னுட்டுப் போயிட்டார். நீ அங்க இல்லையாம்மா?"

மொபைலை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அப்புறம் வானத்துல ஒரு செவப்பு பலூன் போச்சு. டிவில பேசறவரு, கொண்டாட்டத்துக்குப் பலூன் விடறாங்க, பாருங்க எவ்வளவு அழகுன்னார்" என்றாள்.

மறுநாள் மதியம் சரி சார் மேட்டுக்கு வந்தார். நாற்பது வருடத்தில் அவர் அங்கே ஏறி வந்தது அது முதல் தடவை. மூச்சு வாங்க பெஞ்சில் உட்கார்ந்து, சுவரிலிருந்த பேசும் குழாயைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"கேபிள்தான், மேடம். புதுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது வெட்டிட்டாங்க. உங்களுக்குக் கேக்கற கம்பி தப்பிச்சுது. நீங்க பேசற கம்பி போச்சு."

"எப்போ?"

"ஆறு வருஷம் ஆச்சு."

நேற்றையதைத் தவிர ஆறு வருடத்தில் நாற்பத்தொரு ஏவுதல். நாற்பத்தொரு முறை தொண்டையைக் கனைத்துச் சரிசெய்துகொண்டு 'தயார்' என்று சுவரிடம் சொல்லியிருக்கிறேன். சின்னப் பிள்ளைகள் விளையாட்டில் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்களே, அவுட் ஆனாலும் சொல்ல மாட்டார்கள். அதுதான் நான்.

"அப்பவே போய்ச் சொன்னேன்" என்றார். "ரிப்பேர் எதுக்கு, ரேடார் வந்தாச்சே, அந்தச் சாவடியையே மூடிடலாம்னாங்க. ஏழு கையெழுத்து வாங்க ஆள் கெடைக்காம அப்படியே விட்டுட்டாங்க. நான் திரும்பப் போய் ஞாபகப்படுத்தல. மூடினா உங்களைக் கீழ கொண்டுவந்து ஏதாவது ஒரு மூலையில உக்கார வெப்பாங்க. உங்களுக்கு இந்த இடம் எப்படின்னு எனக்குத் தெரியும். அதான்... நீங்க சொல்லி முடிக்கற அளவு நேரம் விட்டு, சரின்னுட்டு இருந்தேன்."

என் இரண்டு நொடி. அதற்கு இதுதான் அர்த்தம். எனக்கு அவரை அறையவும் தோன்றியது, அழவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

"நல்லதுதான் பண்ணினீங்க" என்றேன். "ஆறு வருஷம் என்னை உயிரோட வெச்சிருந்தீங்க, எனக்கே தெரியாம. அந்தப் படகுல இருந்த மூணு பேரைப் பத்தி யோசிச்சீங்களா?"

அவர் தண்ணீரைக் குடிக்கவில்லை. "நாளன்னைக்கு விசாரணை. எனக்கு இன்னும் அஞ்சு மாசம்தான் சர்வீஸ். ஆறு வருஷமா பொய்யா சரி சொன்னேன்னா பென்ஷன் போயிடும்." டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க அந்த நேரம் சாவடியில இல்லைன்னு சொன்னா... பாத்ரூம் போயிருந்தேன்னு... அப்ப நான் பழக்கதோஷத்துல ஒரு தடவை வாய் தவறிச் சொன்னதா முடிஞ்சிடும். உங்களுக்கு ஒரு மெமோ கொடுப்பாங்க. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அவரே தலையில் அடித்துக்கொண்டார். "வேணாம். கேட்டிருக்கவே கூடாது. நான் வரேன்." மணலில் தடுமாறி இறங்கிப் போனார். அவர் உருவம் கீழே வேலிக் கதவு வரை போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மேல் இருந்த கோபத்தைவிட, அவர் போய்விடுகிறாரே என்ற எண்ணம்தான் அதிகம் உறுத்தியது. அந்த நிறுவனத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய கடைசி ஆள் அவர்.

அந்த இரண்டு நாளும் யோசித்தேன். இல்லை என்று சொல்வது சுலபம். எனக்கு ஒரு வருடம்தான் பாக்கி, ஒரு மெமோவில் என்ன குறைந்துவிடும். அந்த மனிதர் பிழைத்துப்போவார். எப்படியும் ஆறு வருடமாக நான் அங்கே இல்லைதானே, அதை வாய்விட்டுச் சொல்வதில் என்ன பொய் இருக்கிறது? ஆனால் 'நீ அங்க இல்லையாம்மா' என்று மகள் கேட்டது காதைவிட்டுப் போகவில்லை.

விசாரணை அறையில் நீண்ட மேசை. ஒன்பது பேர். ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஒலிப்பதிவைப் போட்டார்கள். 'காற்றுச் சாவடி.' அமைதி. 'சரி.' என் அமைதியை நானே கேட்டேன்.

வரிசையில் கடைசியாக இருந்த ஓர் இளைஞர் பக்கத்தில் இருந்தவரிடம், "அந்த இடத்துல நிஜமாவே ஆள் இருக்காங்களா?" என்று மெல்லக் கேட்டது எனக்கு நன்றாகக் கேட்டது. கெட்ட எண்ணமே இல்லை. தெரியாமல்தான் கேட்டார்.

தலைவர் இதமாகப் பேசினார். "பாருங்கம்மா, வயசான காலத்துல வெயில்ல தனியா இருக்கீங்க. அந்த நிமிஷம் கொஞ்சம் வெளிய போயிருக்கலாம். அப்படின்னா அதுல ஒண்ணும் பெரிய தப்பில்ல. எழுதி முடிச்சிடலாம். சொல்லுங்க, அந்த நேரம் நீங்க சாவடியில இருந்தீங்களா?"

அவர் எனக்கு வழியே போட்டுக் கொடுத்திருந்தார். எதிரே சரி சார் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவிக்கு முட்டி வலி என்பதும், அவர் மாடியில்லாத வீடு தேடிக்கொண்டிருக்கிறார் என்பதும் அந்த நேரம் பார்த்தா ஞாபகம் வர வேண்டும்?

"இருந்தேன்" என்றேன். "தயார் இல்லைன்னு சொன்னேன். மொத்தம் எட்டுத் தடவை. செவப்பு பலூனும் விட்டேன். உங்க எல்லாரோட டிவியிலயும் அது வந்துது." குறிப்பேட்டை மேசையில் வைத்தேன். மூன்றாவது பலூனின் கோணங்கள், நேரத்தோடு. "ஆறு வருஷமா நான் பேசினது யாருக்கும் கேக்கல. ஆனா நான் இருந்தேன். ஒரு நாள்கூட இல்லாம இல்ல."

தலைவர் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு சரி சார் எழுந்து நின்று, கேபிள் முதல் எல்லாவற்றையும் தானே சொன்னார். என் பக்கம் ஒரு முறை பார்த்தார். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பென்ஷன் முழுதாகப் போகவில்லை, கால் பங்கு வெட்டினார்கள். மிச்ச மாதங்களுக்கு நூலகத்தில் உட்கார வைத்தார்கள். அதன்பின் அவர் என்னோடு பேசவில்லை. முதல் இயக்குநர் எழுதிய விதி இன்னும் புத்தகத்தில் இருந்ததாம். பட்டியலில் இருக்கும் எந்த இடத்துக்கும் நிறுத்தும் உரிமை உண்டு. அதனால் கம்பியைச் சரிசெய்யாமல் விட முடியவில்லை, சாவடியை மூட ஏழு கையெழுத்துப் போடவும் யாரும் துணியவில்லை. இரண்டு ஆட்கள் வந்து மூன்று நாளில் இழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். ஆறு வருடம், மூன்று நாள் வேலை.

அடுத்த ஏவுதல் ஒரு பெரிய ராக்கெட். அதற்குக் காற்று ஒரு பொருட்டே இல்லை. தொலைக்காட்சியும் இல்லை. பழைய புடவையில்தான் போனேன். பலூன் சாதுவாக ஏறியது. கூப்பிடுகிறவர் புது ஆள், ஒரு பெண். விறுவிறுவென்று வாசித்துக்கொண்டு வந்தாள்.

"காற்றுச் சாவடி."

"தயார்" என்றேன்.

'சரி' வரவில்லை. கம்பியில் யாரோ மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது. முப்பது இடங்களில் முப்பது பேர், கேட்டறியாத குரல் ஒன்று நடுவில் வந்து நின்றதும் திகைத்துப்போயிருந்தார்கள். பிறகு எங்கிருந்தோ ஓர் ஆள், ஒழுங்குமுறையை மறந்து கேட்டார்.

"யாருங்க அது?"

நாற்பது வருடத்தில் நான் கம்பியில் விதியை மீறியதில்லை. அன்று மீறினேன்.

"காத்துச் சாவடிங்க. நான் இங்கதான் இருக்கேன்."

பதில் சொல்லப் பட்டியல் வாசித்தவளுக்கு இரண்டு நொடிக்கு மேலேயே ஆனது. "இன்னொரு தடவை சொல்லுங்கம்மா" என்றாள் அந்தப் பெண். "பதிவு பண்ணணும்."

நான் தொண்டையைக் கனைத்துச் சரிசெய்துகொண்டு இன்னொரு தடவை சொன்னேன்.